குறோமா, கறுப்பு றப்பரா: பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பம்பரை மாற்றுமுன்

ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மருமகன், 1970களின் பிற்பகுதியில் வந்த எம்ஜிபி ஒன்றை வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் இருக்கிற, கூரையை மடித்துத் திறக்கிற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். படத்தை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கராச் வைத்திருக்கும் மாமாவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வரியிலேயே கேட்கிறான்: "மாமா, இந்தக் கறுப்பு றப்பர் பம்பரைக் கழட்டிப்போட்டுக் குறோம் போடலாமோ?" மாமா ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் திருத்தியே தலை நரைத்தவர். "போடலாம் தம்பி. ஆனா பம்பரை மட்டும் மாத்திப்போட்டு விடேலாது. முன்பக்கம் முழுக்க வேலை இருக்கு" என்பார்.

அந்தப் பதில் சரியானது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் பம்பர் மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழகைப் பற்றித்தான் பேசுகிறார்கள். காரின் உயரம், லைற்றுகள் இருக்கும் இடம், தகட்டின் வெட்டு, வளைவில் கார் சாயும் விதம் எல்லாம் அந்த ஒரு பாகத்தோடு பிணைந்திருக்கின்றன. பம்பரை மட்டும் தனியே பிரித்தெடுத்து மாற்றலாம் என்று நினைத்துத் தொடங்கிய வேலைகள்தான் பாதியில் நின்று, தார்ப்பாயின் கீழ் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

மாமாவுக்கு எம்ஜிபி அந்நியமான காரும் அல்ல. அதன் 1798 சிசி இயந்திரம், ஒஸ்ரினும் மொறிஸும் சேர்ந்திருந்த பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் வரிசையைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் காணக்கிடைக்கிற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55, ஏ60, மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகியவற்றிலும் அதே வரிசை இயந்திரம்தான், அளவு மட்டும் சிறியது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தில், இந்த இயந்திரங்களின் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன பொருள் என்று எங்கள் மெக்கானிக்மார் காதாலேயே படித்துவிட்டார்கள். இயந்திரத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. பம்பரின் கதைதான் வேறு. அது அமெரிக்கச் சட்டம் ஒன்றில் தொடங்குகிறது.

அமெரிக்கா கேட்டது என்ன

1972 செப்டெம்பரில் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 215 நடைமுறைக்கு வந்தது. 1973ஆம் ஆண்டுக்கான கார்கள் முன்பக்கமாக மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்பக்கமாக 2.5 மைல் வேகத்திலும் ஒரு தடையில் மோதினாலும் லைற்றுகள், எரிபொருள் தொகுதி போன்ற பாதுகாப்புக்குரிய பாகங்கள் பழுதாகக் கூடாது என்றது அது. அடுத்த ஆண்டில் பின்பக்கத்துக்கும் 5 மைல் ஆனது. அதோடு ஒரு காரின் பம்பர் மற்றக் காரின் பம்பரோடுதான் முட்டவேண்டும், லைற்றோடு அல்ல என்பதற்காக, தாங்கும் பகுதி நிலத்திலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் வரவேண்டும் என்றும் கேட்டார்கள்.

5 மைல் என்றால் 8 கிலோமீற்றர். சைக்கிளை விட மெதுவான வேகம், இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் விளங்கும். ஒரு தொன் எடையுள்ள கார் அந்த வேகத்தில் வரும்போது அதனிடம் ஏறக்குறைய 2,500 ஜூல் சக்தி இருக்கிறது. மோதும் கணத்தில் அதை ஏதாவது ஒன்று வாங்கி விழுங்கவேண்டும். 1960களின் குறோம் பம்பர் என்பது வளைத்து அழுத்திய மெல்லிய இரும்புத் தகடு. இரண்டு மூன்று பட்டைகளில் போல்ற் போட்டு நிற்பது. அது விழுங்கக்கூடியது மிகச் சொற்பம். மிச்சம் நேரே உடலின் முன்பக்கச் சட்டத்துக்குப் போகும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: 2.5 மைலுக்குப் போதுமான பம்பர் 5 மைலுக்கு நான்கு மடங்கு வேலை செய்யவேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்க பம்பர்கள் அவ்வளவு பெரிதாகவும் பாரமாகவும் வந்தன. 1982இல் அமெரிக்கா இந்த அளவை மீண்டும் 2.5 மைலுக்கு இறக்கியது. அதற்குள் பல நல்ல கார்களின் முகம் மாறிவிட்டது. எம்ஜிபியின் உற்பத்தி 1980லேயே முடிந்தும்விட்டது.

எம்ஜிபி 1962இல் வந்த கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள், அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. பெரிய சந்தை கேட்பதைக் கொடுக்காமல் இருக்க முடியாது. முதலில் 1974இல் அமெரிக்காவுக்குப் போன கார்களின் குறோம் பம்பரில் பெரிய றப்பர் முட்டுகள் இரண்டை வைத்துச் சமாளித்தார்கள். 1974 செப்டெம்பரிலிருந்து குறோமே போய், இரும்புச் சட்டத்தின் மேல் பொலியூரதேன் என்ற செயற்கைப் பொருளை வார்த்த கறுப்பு பம்பர் வந்தது. நாம் றப்பர் என்று சொன்னாலும் அது மரத்துப் பாலில் செய்த றப்பர் அல்ல. இரண்டு விதமாகக் கார் செய்வது செலவு என்பதால், அந்தச் சட்டம் இல்லாத பிரித்தானியாவில் விற்ற காருக்கும் அதே கறுப்பு மூக்குத்தான்.

பம்பரும் முன்லைற்றும் அமெரிக்கா கேட்ட உயரத்துக்கு வரவேண்டும். உடலைப் புதிதாக வடிவமைக்கப் பணம் இல்லை. ஆகவே உடலைச் சில்லுகளின் மேல் தாங்கும் ஸ்பிறிங் அமைப்பை, அதாவது சஸ்பென்ஷனை, தூக்கிவிட்டார்கள், ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை. பாரமும் கூடியது, ஈர்ப்பு மையமும் மேலே போனது. இதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். செலவைக் குறைக்க முன்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியையும் சேர்த்து எடுத்தார்கள். வளைவில் கார் சாயாமல் பிடித்து நிறுத்துகிற கம்பி அது. 1977ஆம் ஆண்டுக் கார்களில் முன்னும் பின்னும் கம்பி போட்டு ஓரளவு திருத்தினார்கள். "றப்பர் பம்பர் எம்ஜிபி நன்றாக ஓடாது" என்ற பெயர் இப்படித்தான் வந்தது. அந்தப் பழியில் பெரிய பங்கு பம்பருக்கு உரியதல்ல, அதன் பின்னால் நடந்த வேலைக்கு உரியது என்பதே என் கணிப்பு.

கழற்றினால் என்ன தெரியும்

றப்பர் பம்பரைக் கழற்றிவைத்துவிட்டு காரின் முன்னால் குந்தி இருந்து பாருங்கள். குறோம் கார்களில் பம்பருக்குக் கீழே பெயின்ற் அடித்த தகடு ஒன்று, ஒரு கீழ் உதடு, இருக்கும். இதில் அது இல்லை. பம்பரே அந்த இடத்தை மூடியதால் தகடு தேவைப்படவில்லை. மட்காட்டின் முன்முனையும் பம்பர் உள்ளே போக வசதியாக வெட்டப்பட்டிருக்கும். குறோம் காரில் கிறிலின் (ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் காற்றுத் தட்டியின்) இருபுறமும் மட்காட்டில் இருந்த சிக்னல் லைற்றுகள் இதில் பம்பருக்குள்ளேயே இருந்தன; பம்பர் போனதும் லைற்றும் போய்விட்டது, வயர்கள் மட்டும் தொங்கும். கிறிலும் வேறு. பின்னால் போனால் அங்கேயும் லைற்றுகளுக்குக் கீழே மூலைத் தகடு குறைவாக இருக்கும்.

ஆகவே குறோம் பம்பரைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்தால் சுற்றிவர ஓட்டை. முன் மட்காட்டை முழுதாக மாற்றவேண்டும், அல்லது முனையில் துண்டு வைத்து ஒட்டவேண்டும். கீழ்த் தகடு புதிதாகப் போடவேண்டும். பின் மூலைகளில் துண்டு வெட்டி வெல்டிங் பண்ணவேண்டும். சிக்னல் லைற்றுக்கு இடம் எடுத்து, வயரை நீட்டி, ஏர்த் சரியாகக் கொடுக்கவேண்டும். நம்பர் பிளேற்றுக்கும் அதன் லைற்றுக்கும் இடம் தேடவேண்டும். பிறகு முழு முன்பக்கத்துக்கும் பெயின்ற். பெயின்ற் அடிக்கிற கட்டம் வந்துவிட்டால் முன்பக்கத்தோடு நிற்காது, பழைய நிறத்தோடு புதியது ஒட்டாமல் முழுக் காருக்கும் அடிக்கவேண்டி வரும். செலவுக் கணக்கில் பம்பரின் விலை சின்ன வரியாகிவிடும்.

பாகம் கிடைப்பது பிரச்சினை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்கு முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறது. ரொறன்ரோ மருமகனுக்கு எல்லாம் வீட்டு வாசலுக்கு வரும். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத்தான் கஷ்டம். காபுரேற்றரையும் கேஸ்கற்றையும் லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார், ஐந்தடிக்குக் கிட்ட நீளமான பம்பரைக் கொண்டுவர மாட்டார்.

இதற்குப் பிறகு வருவது உயரம். பலர் தவறவிடுவது இதைத்தான். பாரமான பம்பரைக் கழற்றிவிட்டு மெல்லிய குறோமைப் போட்டால் முன் ஸ்பிறிங்கின் மேல் இருந்த சுமை குறைந்துவிடும். ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் கார் இன்னும் உயரும். ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளியோடு, மழை வெள்ளத்துக்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நிற்கும். குறோமின் அழகே அந்தக் கார் நிலத்தோடு ஒட்டி நின்றதில்தான் இருந்தது. ஆகவே இறக்கவேண்டும். முன்னால் இரண்டு வழி: நீளம் குறைந்த ஸ்பிறிங் போடுவது, அல்லது முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையே குறோம் காரிலிருந்து கொண்டுவந்து மாற்றுவது. இரண்டாவது வழி முறையானது. ஆனால் ஸ்ரியரிங் ரக் (முன் சில்லுகளைத் திருப்பும் பல்தண்டு) இருக்கும் கோணம் இரண்டு சட்டத்திலும் ஒன்றல்ல. ஸ்ரியரிங் தண்டின் மூட்டு இறுகாமல் சுழல்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் ஸ்ரியரிங் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் இளகும். பின்னால் இலை ஸ்பிறிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைப்பார்கள், அல்லது பழைய அளவு ஸ்பிறிங் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு முன்லைற்றின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தவேண்டும்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் இறக்கவேண்டுமா என்பது தனிக் கேள்வி. ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கிற நவம்பர், டிசம்பர் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் போட்டிருக்கிற வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்துக்காகத் தூக்கிய அந்த ஒன்றரை அங்குலம் இங்கே ஓட்டுகிறவருக்கு உதவியாகவே இருக்கும். இங்கே அப்படி ஒரு கார் என்னிடம் இருந்தால் சாய்வுத் தடுப்புக் கம்பியைப் போட்டு, ஸ்பிறிங் புஷ்களைப் புதிதாக்கி, உயரத்தை விட்டுவிடுவேன். பம்பரையும் விட்டுவிடுவேன். வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகிப்போன பொலியூரதேனை நன்றாகக் கழுவி, பெயின்ற் ஒட்டிப் பிடிக்க முதல் பூச்சு ஒன்று அடித்து, வளைந்து கொடுக்கிற சேர்மானம் கலந்த பெயின்ற்றில் காரின் நிறத்தையே அடித்தால் ஆளே மாறிவிடும். ஒரு தகடும் வெட்டவில்லை. பிறகு வருகிறவர் கறுப்பாக்க விரும்பினால் ஆக்கலாம்.

எல்லாக் காருக்கும் ஒரே பதில் இல்லை

போர்ஷ 911ஐ எடுத்தால் நிலைமை இன்னும் சிக்கல். 1974ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து அதற்கும் புதிய பம்பர் வந்தது. பக்கத்தில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு வைத்த கறுப்பு றப்பரோடு அலுமினியத்தில் செய்த பம்பர். ஆனால் போர்ஷ பணம் செலவழித்து முன்பக்கத்தையே அதற்கேற்ப வடிவமைத்தது. பொனற்றைக் குட்டையாக்கினார்கள். அதனால் 1973க்கு முந்திய தோற்றம் வேண்டுமென்றால் நீளமான பொனற், அதற்குரிய மட்காட், பூட்டுத் தகடு எல்லாம் மாறவேண்டும். அந்தத் துருத்தி பம்பர் 1989 வரை நின்றது, இன்று அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அதைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அது காரோடு சேர்த்துச் சிந்திக்கப்பட்ட பம்பர்.

பிஎம்டபிள்யூ 2002, 107 வரிசை மெர்சிடிஸ் போன்றவை மறுபக்கம். அவற்றில் ஐரோப்பாவுக்கு ஒரு பம்பர், அமெரிக்காவுக்கு இன்னொரு பம்பர் என்று ஒரே காலத்தில் இரண்டு செய்தார்கள். உடல் பெரும்பாலும் ஒன்றே. அமெரிக்காவிலிருந்து வந்த காரில் முன்னே துருத்திக்கொண்டு நிற்கும் பம்பரைக் கழற்றி, ஐரோப்பியப் பட்டைகளோடு மெல்லிய பம்பரைப் போட்டு, மிஞ்சிய துளைகளை மூடினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. வடிவமைத்தவர் முதலில் வரைந்த முகமும் அதுதான். இந்த மாற்றத்தைத் தயங்காமல் செய்யலாம். டற்சன் 240 இசட்டின் மெல்லிய பம்பர்கள் 260 இசட் காலத்தில் பெரிதாகிப் போனதும் இதே சட்டத்தால்தான்.

எங்கள் வீதிகளில் இருக்கும் கார்கள்

1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. றப்பர் பம்பர் எம்ஜிபி வந்த காலமும் அதுவே. ஆகவே இங்கே இருக்கும் பழைய கார்களில் பெரும்பான்மை அதற்கு முந்தியவை, குறோம் காலத்தவை. ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம்; ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் என்று குடும்பக் கார்கள்தான் நிறைய. பம்பர் பிரச்சினையில் அவை ஸ்போர்ட்ஸ் காருக்குக் குறைந்தவை அல்ல.

மொறிஸ் மைனரின் பம்பருக்கு ஒரு நல்ல கதை உண்டு. 1948 ஒக்டோபரில் கார் வெளிவருவதற்குச் சற்று முன் வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று உணர்ந்து மாதிரிக் காரை நீளவாட்டில் நடுவே வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் மெல்ல விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலத்தில் திருப்தி அடைந்தார். பொனற்றின் நடுவே தட்டையாக ஓடும் பட்டை அந்த நான்கு அங்குலம்தான். ஆனால் பம்பர்கள் பழைய அகலத்தில் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டன. அவற்றை வீசாமல் நடுவே வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். ஆரம்ப கால மைனர்களின் பம்பரில் நடுவில் தெரியும் அந்தத் துண்டு பழுது பார்த்த அடையாளம் அல்ல, தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தது. இது தெரியாமல் "ஒட்டுப் போட்ட பம்பர்" என்று கழற்றிவிட்டுப் பிந்திய காலத்து முழுப் பம்பரைப் போட்டால் அரிய சாட்சி ஒன்று போய்விடும். உங்கள் வீட்டு மைனர் எந்த ஆண்டு என்று பதிவுப் புத்தகத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பம்பரோடு ஒட்டிய இன்னொன்று நம்பர் பிளேற். பழைய கார்களில் அது பம்பரிலோ அதன் பட்டையிலோதான் தொங்கும். ஆங்கில எழுத்து இலக்கங்கள் போய் 1950களின் பிற்பகுதியில் சிங்கள ஸ்ரீ வந்ததும், 1958இல் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து நடத்திய ஸ்ரீ எதிர்ப்பு இயக்கத்தில் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்தைத் தாரால் அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதியதும் வரலாறு. அந்தக் காலத்துப் பிளேற்றும் அதைத் தாங்கும் இரும்பும் காரோடு வந்தவை. பம்பர் மாற்றுகிறபோது பிளேற்றுக்குப் புது இடம் தேடி வளைத்து நெளித்துத் துளை போடாதீர்கள்.

போல்ற் கழற்றுகிற நேரம்

யாழ்ப்பாணத்துப் பம்பர் வேலை போல்ற்றில் தொடங்கும். குறோம் பம்பரின் போல்ற் தலை வெளியே குமிழ் போல வழுவழுப்பாக இருக்கும், ஸ்பனர் பிடிக்க அதில் விளிம்பு இல்லை. தலைக்குக் கீழே சதுரக் கழுத்து. அது பம்பரின் சதுரத் துளைக்குள் உட்கார்ந்து, நட்டைத் திருப்பும்போது போல்ற் சுழலாமல் பிடிக்கும். அறுபது வருடக் கடற்காற்றில் நட் இறுகிவிடும், சதுரத் துளையோ துருவில் அரிபட்டு வட்டமாகிவிடும். நட்டைத் திருப்பினால் முன்னால் குமிழும் சேர்ந்து சுற்றும். இரும்பு வாளைக் கொண்டு வெட்டப் போனால் பம்பர் கீறும். அனுபவசாலிகள் முந்திய நாளே மண்ணெண்ணெய்யோ துரு இளக்கியோ ஊற்றி ஊறவிடுவார்கள். அடுத்த நாள் நட்டை மட்டும் சூடாக்கி, முதலில் கொஞ்சம் இறுக்கித் துருவை உடைத்துவிட்டுப் பிறகு இளக்குவார்கள். அதற்கும் வராவிட்டால் நட்டை உளியால் பிளப்பார்கள். நட் போனால் போகட்டும், பம்பர் தப்பும்.

கழற்றி மறுபுறம் திருப்பினால்தான் உண்மை தெரியும். முன்னால் கண்ணாடி, பின்னால் துரு. முலாம் பூசும்போது மின்னோட்டம் உட்குழிவுகளுக்கு நன்றாகப் போகாது, அதனால் பின்பக்கத்தில் பூச்சு மெல்லிசு. வீதிச் சேறும் உப்பும் தங்குவதும் அங்கேதான். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வருகிற கார் என்றால் சொல்லவே வேண்டாம். இரு பக்கமும் கடல். போய்வந்ததும் நல்ல தண்ணீரில் பம்பரின் பின்பக்கத்தைக் கழுவுவதும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றி உட்புறத்துக்குத் துருத் தடுப்பும் அலுமினியப் பெயின்ற்றும் அடிப்பதும், புதிதாக முலாம் பூசுவதை விட எத்தனையோ மலிவு.

குறோம் பூச்சு என்று நாம் சொல்வதில் குறோம் மிகக் கொஞ்சம். முறையான வேலையில் முதலில் செம்பு, மேலே நிக்கல், அதற்கும் மேலே ஒரு மைக்ரோனுக்கும் குறைவான குறோம். பளபளப்பையும் துருவிலிருந்து காப்பையும் தருவது நிக்கல். நிக்கல் தனியே இருந்தால் மங்கி மஞ்சளாகும் என்பதால் அதற்குக் காவலாகக் குறோம். அந்தக் காவலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு, உப்பு ஈரம் அதனூடாக இறங்கும். ஆகவே "எத்தனை தரம் குறோம் அடிக்கிறீர்கள்" என்று கேட்காமல் "நிக்கல் எவ்வளவு தடிப்பு, செம்பு போடுகிறீர்களா" என்று கேளுங்கள். துருவில் குழி விழுந்த இடங்களைச் செம்பால் நிரப்பித் தேய்த்துச் சமனாக்காவிட்டால் பளபளக்கிற குழிகள்தான் மிஞ்சும். குழி இருந்த இடத்தைத் தேய்த்தே சமனாக்கும் பட்டறையிடம் கொடுத்தால் தகடு மெலிந்து, ஓரத்தின் கூர் மழுங்கி வரும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. இணையக் காணொளிகளைப் பார்த்து, வீட்டு வளவிலேயே வாளியில் சலவைச் சோடாவும் தண்ணீரும் கரைத்து, பற்றரி சார்ஜரை இணைத்துத் துரு எடுக்கிறார்கள். வெறும் இரும்புக்கு, இரும்புக் கம்பியை மறுமுனையாக வைத்துச் செய்தால் அது நல்ல முறைதான். குறோம் பூசிய பாகத்தை நேர்முனையில் கொடுத்தாலோ, துருப்பிடிக்காத எவர்சில்வர் துண்டை நேர்முனையாக வைத்தாலோ அந்தத் தண்ணீரில் ஆறு வலுவளவு குறோமியம் உண்டாகும். புற்றுநோய் தரும் நஞ்சு அது. தண்ணீர் மஞ்சளாக மாறுவதே அடையாளம். அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டு எழும்புகிறோம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை, குளத்து நீரைக் குடிக்கிறவர்களும் நாங்கள் இல்லை. வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குகிற மழைநீரைத்தான் பெரும்பாலும் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம். மேலே ஊற்றியது அந்தக் கல்லின் வெடிப்பால் விரைவாகவே கீழே போகும், பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் போகும். அமிலத்தில் ஊறவைத்துக் குறோமைக் கழற்றுவதற்கும் இதே பேச்சுத்தான். இந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது. கழிவைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு உள்ள முலாம் பட்டறைக்கு அனுப்புங்கள். கொழும்புக்கு அனுப்பவேண்டி வந்தாலும் பரவாயில்லை.

எவர்சில்வரும் ஃபைபரும்

முலாமுக்குப் பதிலாக முழுவதும் எவர்சில்வரில் செய்த பம்பர்களை வியட்நாமிலிருந்து வருவிக்கலாம். உரிந்து போக அதில் பூச்சு இல்லை. வெயிலில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குறோமில் மெல்லிய நீலச் சாயல் தெரியும், எவர்சில்வரில் சற்று மஞ்சள். கிறிலும் கதவுப் பிடியும் குறோமாக இருக்க பம்பர் மட்டும் எவர்சில்வர் என்றால் கூர்ந்து பார்ப்பவருக்குப் பிடிபடும். வாங்குமுன் எந்த ரகம் என்று கேளுங்கள்: 304 கடற்கரையில் தேநீர்க் கறை போலப் பழுப்புப் பிடிக்கும், 316 நின்று பிடிக்கும். சாதாரண இரும்புப் பட்டையில் நேரே முறுக்கினால் உப்பு ஈரத்தில் பட்டைதான் முதலில் அரிபடும். நடுவே நைலோன் வாசர் போடவேண்டும்.

ஃபைபர் கிளாஸ் பம்பர் செய்ய எங்கள் ஊரில் கை உண்டு. குருநகரிலும் காரைநகரிலும் ஃபைபர் படகு தெரிந்தவர்கள் நல்ல மாதிரியிலிருந்து அச்செடுத்து வார்த்துவிடுவார்கள். பந்தயத்துக்கும் காட்சிக்கும் அது சரி, எடை மிகக் குறைவு. வீதிக்கு எனக்கு விருப்பமில்லை. முட்டினால் அது வளையாது, வெடிக்கும். பின்னால் இரும்புச் சட்டம் வைத்துக் கட்டாவிட்டால் அடி முழுவதும் லைற்றுக்கும் ரேடியேற்றருக்கும் போகும்.

டிங்கரிங் கை என்று வரும்போது இலங்கைக்கு நல்ல பெயர் இருக்கிறது. தென்னிலங்கையில் கையால் அடித்துச் செய்த மொறிஸ் மைனர் தகடுகள் அந்தக் கார் பிறந்த பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியாகின. எங்கள் பக்கத்தில் தடைக்காலத்தில் பாகம் இல்லாமலே காரை உயிரோடு வைத்திருந்த கைகள் அதற்கு ஒரு படி மேல். எம்ஜிபியின் முன் மட்காட் முனையை இங்கே அடித்துப் பொருத்த முடியுமா என்றால் முடியும். வெட்டுமுன் படம் எடுத்து, அளவு எழுதி, வெட்டிய துண்டை வீசாமல் வைப்பதைத்தான் கராச்சில் சொல்லிக் கேட்கவேண்டும்.

காசோலை எழுதுமுன் கடதாசி வேலையையும் முடிக்கவேண்டும். பதிவுப் புத்தகத்தில் காரின் நிறமும் உடல் வகையும் இருக்கிறது. முழுக் காருக்கும் வேறு நிறம் அடித்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்தவேண்டும். காப்புறுதிக்காரருக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, படமும் கொடுத்து, ஏற்றுக்கொண்ட கடிதத்தை வாங்கி வையுங்கள். ஒரு விபத்துக்குப் பிறகு "இந்தப் பம்பர் காரோடு வந்ததல்ல" என்ற வாசகத்தைக் கேட்பதை விட இது இலகு.

வேலையின் ஒழுங்கு இப்படி இருந்தால் நல்லது. பம்பர் வாங்குமுன் சஸ்பென்ஷனைப் பாருங்கள், புஷ்களையும் ஸ்பிறிங்கையும் திருத்திவிட்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கார் ஓடுகிற விதத்தில் இருந்த குறை அதோடு தீர்ந்துவிட்டால், மிச்சம் இருப்பது தோற்றம் மட்டும் என்று தெரியும். அதற்குப் பிறகும் குறோம் வேண்டும் என்று மனம் கேட்டால் பம்பர், பட்டை, கீழ்த் தகடு, கிறில், சிக்னல் லைற் எல்லாவற்றையும் முழுதாகச் சேர்த்து வீட்டில் வைத்துக்கொண்ட பிறகே முதல் வெட்டு விழவேண்டும். பெயின்ற் அடிக்குமுன் எல்லாவற்றையும் ஒருதரம் போல்ற் போட்டுப் பொருத்தி, பொனற்றைத் திறந்து மூடி, இருபுற இடைவெளியும் சமமா என்று பாருங்கள். பெயின்ற்றுக்குப் பிறகு அந்தத் துளையை அரை அங்குலம் நகர்த்த வந்தால் கராச்சில் யாருக்கும் கை வராது.